பரண்பாறையில் ஒரு குவியல்

கைபேசி மேசை மேசையாக வந்துகொண்டிருந்தது. தேவாலயக் கூடத்தில் காப்பிக் கெண்டியோடு சுற்றிக்கொண்டிருந்த சுன்னிவா, அது யார் கைக்குப் போகிறதோ அவர் முகம் மாறுவதைப் பார்த்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் சாவென்றால் யாரும் ஓலமிட மாட்டார்கள். குழியருகே நின்று பாட்டுப் பாடுவோம், பிறகு கூடத்துக்கு வந்து இறால் வைத்த ரொட்டித் துண்டு தின்போம், வானிலையைப் பற்றிப் பேசுவோம். அழுகை வந்தால் வெளியே போய்த் தன் காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு வர வேண்டும், அதுதான் மரியாதை. அப்படிப்பட்ட ஆட்கள் இன்று மேசையிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி என்ன மாமா அதுல?" என்று கேட்டாள்.

ஹல்வார் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் கூட்டாளி. மலைமேல் அப்பா பெயின்ட் டப்பாவைத் தூக்கினால் இவர் கடப்பாரையைத் தூக்குவார், இத்தனை வருஷமும் அப்படித்தான். மாப்பிள்ளையாக நின்றபோது தைத்த கோட்டை இன்று போட்டுக்கொண்டு வந்திருந்தார், பொத்தான் எட்டவில்லை.

"உனக்குக் காட்டணும்னுதான் இருந்தேன், நீ கெண்டிய விடமாட்டேங்கற. முந்தாநாள் நானும் இன்னும் ரெண்டு பேரும் ஏறினோம்மா. பரண்பாறைக்கு. உங்கப்பா உக்காந்திருந்த அதே எடத்துல. பூரா நாளும் ஆச்சு. நல்ல வெயில், ஏரி கண்ணாடி கணக்கா கெடந்துச்சு."

கைபேசி அப்போது அம்மாவிடம் இருந்தது. சுன்னிவா பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தாள். படத்தில் ஒரு கற்குவியல், ஆள் உயரம். அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகி, சந்தில் சிறு கல் செருகி, ஆட்டினாலும் ஆடாத கட்டு. உச்சிக் கல்லின் முகத்தில் சிவப்பாக டி என்ற ஆங்கில எழுத்து. குறுக்கே ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு. பின்னால் வானம் மட்டும்.

சுன்னிவா இன்னும் குனிந்தாள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். அம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். எட்டு நாளாகக் கல்லாக இருந்த முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"அவர் சாயலே இருக்கு," என்றாள் அம்மா. "அந்த மாதிரிதான் நிப்பாரு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு."

சுன்னிவாவின் அப்பா எம்ப்ரிக் செத்தது மலைமேல்தான். தென்கடற்கரையில் புறப்பட்டு, முகட்டோடு முகடாக வாரக்கணக்கில் வடக்கே போகும் நடைபாதையில் எங்கள் ஊருக்கு மேலே கிடக்கும் துண்டு அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, மலைநடைச் சங்கம் பெயின்ட் மட்டும் கொடுக்கும். மேலே மரமில்லை, மண்ணில்லை, எங்கு பார்த்தாலும் ஒரே பாறை, காலடி பதியாது. ஆகவே குவியலும் டியும்தான் பாதை. பனிக்காலம் சாய்த்ததை ஒவ்வொரு கோடையும் எடுத்துக் கட்டுவார், வெளுத்ததைச் சிவப்பாக்குவார். அன்றும் அந்த வேலை முடிந்து, பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருக்கும் பரண்பாறையில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். நெஞ்சு நின்றுவிட்டது. அவ்வழியே வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து முதலில் சத்தம் போடாமல் தாண்டிப் போனார்களாம்.

சுன்னிவா ஜன்னல் பக்கத்து மேசைக்குக் காப்பி ஊற்றப் போனாள். அங்கே யாரோ, "மூட்டம் இறங்குதே," என்றார்கள். அவள் பார்த்தாள். மலை பாதிக்கு மேல் இல்லை. மேகம் பைன் மரங்களின் தலை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் கை நின்றது. பரண்பாறைக்கு அப்பால் பாதை கிடையாது. பாறை அப்படியே அறுந்து நிற்கும், அதற்கப்பால் காற்று, வெகு கீழே ஏரி. பாதை பரணுக்குப் போகாமல் கணவாயிலேயே இடது கைப்பக்கம் இறங்கிவிடும். அந்தச் சரிவில் இருக்கிற குவியல் குட்டை. மூட்டத்தில் கணவாயில் நிற்கிறவன் கண்ணுக்கு எது படும்?

அவள் ஹல்வாரிடம் திரும்பி வந்தாள். "மாமா, டி போட்டது யாரு?"

"நான்தான். அவன் டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. காஞ்சு வீணாப் போறதுக்கு அவன் குவியல்லயே தீத்துரலாம்னு."

"எந்தப் பக்கம் பாத்துப் போட்டீங்க?"

"கணவாய்ப் பக்கம். வர்றவன் கண்ணுல படவேண்டாமா?" அவர் முகத்தில் பெருமை. மலை வேலையில் ஊறிப்போன மனிதர், அவருக்கு இது உறைக்கவில்லை. முந்தாநாள் வெயில் அடித்தது, துக்கம் நெஞ்சை அடைத்தது, கை பழகின வேலையைச் செய்துவிட்டது. குவியல் கட்டினால் டி போட வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும்.

சுற்றுலா வருகிறவர்கள் ஆசைக்கு அடுக்கிவைத்த கல்கோபுரங்களை அப்பா காலால் எட்டி உதைப்பதை அவள் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். "சொப்பு வச்சு வெளையாட இதுவாடா எடம்?" என்று ஆளில்லாத மலையைப் பார்த்துத் திட்டுவார். குவியல் என்றால் இப்படி வா என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் அங்கே செல்லாது.

அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, நான் மேல போயிட்டு வந்துடறேன்."

"இப்பவா? ஆளுங்க இன்னும் அவரப் பத்தி எழுந்து பேசவே ஆரம்பிக்கல."

சுன்னிவா கெண்டியை மேசையில் வைத்தாள். வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று பயமாக இருந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். கடைசியாகக் கைபேசியை மேசைவிரிப்பின் மேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்கப்பாவா இருந்தா இப்படிக் கேக் தின்னுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாரு," என்றாள். "போ."

அவள் கார்க்கதவைத் திறக்கும்போது ஹல்வார் ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். "குவியலப் பாக்கத்தானே? நாளைக்குப் போலாம்மா, நாளைக்குத் தெளிஞ்சிரும். இன்னிக்குப் போனா ஒண்ணும் தெரியாது."

"இன்னிக்குத்தான் மாமா பாக்கணும்."

"உங்கப்பன் பிடிவாதம் அப்படியே இருக்கு. சரி, ஓட்டு."

சாவுக்கு வந்தாலும் சரி, கல்யாணத்துக்கு வந்தாலும் சரி, எங்கள் ஊரில் எந்தக் காரின் பின்பக்கத்தைத் திறந்தாலும் மலை பூட்ஸ் இருக்கும். மலையில் கோடைக்கு மாடு கட்டும் தொழுவம் வரை கார் போனது. அங்கே கறுப்பு கவுனுக்குக் கீழே சுன்னிவா பூட்ஸை மாட்டினாள். ஹல்வாருக்கு அவள் கணவனின் பூட்ஸ், ஒரு அளவு பெரியது, தொப்புத் தொப்பென்று சத்தம் போட்டது. அவர் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே குவியல் கட்டின கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அடிக்கல்லை மூன்று பேரும் சேர்ந்து புரட்டினார்களாம். நடுவில் உட்கார்ந்து அழுதார்களாம். தபால்கார யோரன்கூட அழுதானாம், பெண்டாட்டி ஓடிப்போனபோது அழாதவன்.

அவளுக்கு அவரை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டே வேகமாக நடந்தாள். மரங்கள் குட்டையாகி, புதராகி, இல்லாமல் போயின. பிறகு மூட்டத்துக்குள் நுழைந்தார்கள். தன் கால் தெரிந்தது, அடுத்த டி தெரிந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. ஒரு டியைத் தொட்டதும் அடுத்தது தலையை நீட்டும். அதைத் தொட்டதும் அதற்கடுத்தது. எல்லாம் அப்பாவின் கை. எங்கே நின்றால் கண் எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். பேர் தெரியாத ஊர்களிலிருந்து பேர் தெரியாத மனிதர்கள் வந்து, அவர் கைவைத்த இடத்தில் கண்ணை வைத்து, இந்த வெள்ளைக்குள் பயமில்லாமல் நடந்து போயிருக்கிறார்கள். இத்தனை நாளும் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. அப்பா மலைக்குப் போனார், பெயின்ட் கறையோடு வந்தார், அம்மாவிடம் ஏச்சு வாங்கினார், அவ்வளவுதான் அவளுக்கு.

கணவாய்க் குவியலில் நின்றாள். "மாமா, இங்க நில்லுங்க. நீங்க வெளியூர்க்காரர், மொதல் தடவ வரீங்க. அடுத்த டி எங்க?"

"என்ன வெளையாட்டு இது?"

"சொல்லுங்க."

ஹல்வார் கண்ணைச் சுருக்கினார். இடதுபுறம் சரிவில் வெள்ளைதான், ஒன்றும் இல்லை. நேரெதிரே மங்கலாக ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது. அதன் நெற்றியில் சிவப்பு. அவர் கை தானாக எழுந்து அதைக் காட்டியது.

கை அப்படியே நின்றது. அவர் வாய் கொஞ்சம் திறந்தது. கையை இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"கடவுளே," என்றார் மெல்ல. "நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்."

அப்போதுதான் குரல் கேட்டது. மூட்டத்துக்குள்ளே, பரண்பாறைப் பக்கம், ஆண் குரல். "இல்ல. இங்கயும் இல்ல."

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாருங்க," என்றது ஒரு பெண் குரல். "நான் இங்கயே நிக்கறேன்."

சுன்னிவா ஓடினாள். "நில்லுங்க! ஒரு அடி வைக்காதீங்க!"

குவியலின் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஒரு அம்மாள் நின்றிருந்தாள். முதுகில் பெரிய மூட்டை, மழைச்சட்டை, நரைத்த தலை. அடுத்த டி தெரியாவிட்டால் ஒருவர் குவியலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர் குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போய்த் தேட வேண்டும். அதுதான் முறை. இவர்கள் முறை தவறாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றாள் அந்த அம்மாள். வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற பேச்சு, டென்மார்க்காரி. "என் வீட்டுக்காரர் யெப்பே முன்னால போயிருக்காரு."

"அவர் பேர் யெப்பேயா? யெப்பே, கேக்குதா? அப்படியே நில்லுங்க. திரும்புங்க. என் குரலப் பாத்து வாங்க, மெதுவா. பேசிக்கிட்டே வாங்க."

"என்ன பேசறது?" என்றது வெள்ளைக்குள்ளிருந்து.

"எதையாவது. காலைல என்ன சாப்டீங்க?"

"ஓட்ஸ் கஞ்சி."

"அப்புறம்?"

"பழுப்புப் பாலாடைக்கட்டி, ரெண்டு துண்டு."

"நாலு," என்றாள் அந்த அம்மாள். அவளுக்கு ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது. "என் பங்கையும் சேத்துத் தின்னீங்க. உண்மையச் சொல்லுங்க."

"சரி போடில், நாலு. குடிசைல நேத்து வச்ச காப்பி. அது கசந்துச்சு. நீ நல்லாருக்குன்னு சொன்ன, பொய்." குரல் நெருங்கியது. பிறகு ஒரு சிவப்புத் தொப்பி, பிறகு மனிதர் முழுவதும். "என்ன, எல்லாரும் பேயப் பாத்த மாதிரி நிக்கறீங்க?"

அந்த நேரத்தில் காற்று ஒரு தடவை அடித்தது. மூட்டம் கிழிந்தது. யெப்பே வந்த பக்கம் பாறை ஒரு வீட்டு முற்றம் அளவுக்குத்தான் இருந்தது, அதற்கப்பால் இல்லை. இல்லாத இடத்துக்குக் கீழே, மிகமிகக் கீழே, கறுப்பாக ஏரி. அதன்மேல் ஒரு பறவை போனது, அவர்கள் அதன் முதுகைப் பார்த்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த ஹல்வாரோடு சேர்த்து நாலு பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை பக்கத்தில் சத்தமே இல்லாமல் இருந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்த பள்ளம்தான், ஆனாலும் சுன்னிவா ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு வெள்ளை மறுபடி மூடியது.

யெப்பே மூட்டையோடு கீழே உட்கார்ந்துவிட்டார். போடில் அவர் தொப்பியை எடுத்து, தலையைத் தடவி, தொப்பியைத் திரும்ப வைத்தாள்.

"மூணு வாரமா நடக்கறோம்," என்றாள் போடில். குற்றம் சொல்லும் குரல் இல்லை, நிஜமாகவே விளங்கவில்லை அவளுக்கு. "எங்க ஊர்ல மேடே கெடையாது. இங்க வர்றதுக்கு எனக்கு அவ்வளவு பயம். ஆனா இந்த டி ஒரு தடவகூட எங்கள ஏமாத்தல. மழைல, பனில, எதுலயும். ராத்திரி படுக்கும்போது பேசிப்போம், யாரு இதையெல்லாம் போடறாங்க, அவங்க நல்லாருக்கணும்னு. அதனாலதான் இதையும் நம்பிட்டோம்."

போட்டவருக்கு இன்று காலைதான் மண் போட்டோம் என்று சொல்ல சுன்னிவாவுக்கு வாய்வரை வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"இது தப்பா வச்சது," என்றாள். "பாதை அந்தப் பக்கம்."

"நான்தான் வச்சேன்," என்றார் ஹல்வார்.

யெப்பே அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொத்தான் எட்டாத கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டி, பெரிய பூட்ஸ். "ஏன்?" என்றார்.

ஹல்வார் சுன்னிவாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அன்னிக்கு வெயில் அடிச்சுதுங்க," என்றார்.

ஹல்வார் முன்னால் நடந்து அவர்களைச் சரிவுக்கு அழைத்துப் போனார். உண்மையான டியைத் தொட்டுக்காட்டி, அதற்கடுத்ததையும் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். தொப்புத் தொப்பென்ற பூட்ஸ் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

சுன்னிவா குவியலோடு தனியாக நின்றாள். கிட்டத்தில் அது படத்தைவிட அழகாக இருந்தது. ஒவ்வொரு கல்லும் தன் இடத்தைத் தேடிப் பிடித்தது போல உட்கார்ந்திருந்தது. அதன் அடியில், ஏரிப் பக்கம், ஒரு ஆள் சாய்ந்து உட்காருவதற்குச் சரியாக ஒரு வளைவு விட்டிருந்தார்கள். அங்கேதான் அப்பா இருந்தார். அவள் அதில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். "அப்பா," என்றாள் சத்தமாக. யாரும் இல்லாததால் நன்றாக அழுதாள், கவுனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவை ஒருநாள் இங்கே கூட்டிவந்து, இதே வளைவில் உட்காரவைத்து, காப்பி கொடுக்க முடியும் என்று ஒரு ஆசை வந்தது. டியை மட்டும் சுரண்டிவிட்டுக் குவியலை விட்டுவிடலாமே. யாருக்குத் தெரியப்போகிறது.

அவளுக்கே தெரியும். கல் நின்றால் ஆள் வருவான்.

எழுந்து உச்சிக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தூக்க முடிந்தது. பெயின்ட் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இன்னும் இளகலாக இருந்தது, கவுனில் ஒட்டியது. பாறை விளிம்புக்கு முன்னால் முட்டிபோட்டு, கல்லைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் வெளியே விட்டாள். கீழே பாதை கிடையாது, வீடு கிடையாது, ஏரிதான். காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தும் சத்தம் மேலே வரவில்லை.

ஹல்வார் திரும்பி வந்தபோது குவியல் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அவர் கோட்டைக் கழற்றி மடித்துவைத்தார். எதிர்ப்பக்கம் நின்று எடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படி எறியாதம்மா," என்றார். "பாசி படிஞ்ச பக்கம் மேல வர்ற மாதிரி வை. இல்லேன்னா புதுசாப் புரட்டினதுன்னு காட்டிக்குடுத்துரும்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"பரவலா. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வேணாம்."

அப்படியே செய்தார்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு நடப்பது, பாறையில் ஒரு பள்ளம் பார்த்து, பாசி மேலே வரும்படி வைப்பது, திரும்புவது. விரல் நுனி தோலுரிந்தது. அடிக்கல் இரண்டு பேருக்கு அசையவில்லை. ஹல்வார் உட்கார்ந்து காலால் நெம்பினார், சுன்னிவா தோளைக் கொடுத்தாள். அது ஒரு முனகலோடு புரண்டு பழைய குழியில் போய் விழுந்தது. ஹல்வார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மாகிட்ட என்ன சொல்லப்போற?"

"அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"கெண்டில காப்பி இருக்கும். போய்க் குடிங்க. அவங்களே ஊத்துவாங்க."

அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். இருவரும் கணவாய்க் குவியலுக்கு வந்து நின்றார்கள். மூட்டம் இப்போது மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது. இடதுபுறம் சரிவில் முதல் டி தெரிந்தது, அதற்குக் கீழே அடுத்தது, அதற்கும் கீழே இரண்டு புள்ளிகளாக அந்த டென்மார்க்காரர்கள், ஒருவர் பின் ஒருவராக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

சுன்னிவா பரண்பாறைப் பக்கம் திரும்பினாள். பாறை நெடுகிலும் கல் கிடந்தது, எப்போதும் கிடக்கிற மாதிரி. அவள் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் கண்ணை ஓட்டினாள், மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

"மாமா, அப்பா எந்த எடத்துல உக்காந்திருந்தாரு?"

ஹல்வார் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். இரண்டடி முன்னால் போனார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், திரும்பி வந்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார்.

"அப்ப சரியாத்தான் கலைச்சிருக்கோம்," என்றாள் சுன்னிவா. அவள் கண் இன்னும் பாறையில் தேடிக்கொண்டிருந்தது.